ஆறு விரல் உயர்ந்த மோட்டாரும் ஒரு டப்பா புளிசாதமும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளையும் சும்மா விடமாட்டேன். மிக்ஸி, ஃபேன், அப்பாவின் பம்ப்செட் என்று என் கைபட்டு நின்றுபோனவை நிறைய. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர்களில் பாதிப் பேருக்கு இது வரும், வேலைக்குப் போனால் சரியாகிவிடும் என்பார்கள். (திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்கும் போனேன். சரியாகவில்லை.)

எங்கள் ஊர் கிருமாம்பாக்கம். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். தண்ணீரில் மிதக்கும் எதையும் எங்கள் பரம்பரையில் யாரும் ஓட்டியதில்லை. ஆனால் என்னோடு படித்த ஏழுமலை மீன்பிடிக்கிறவன். அவனுடைய சின்ன பைபர் போட்டில் பாதிப் பங்கு வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குக் கிழக்கே, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். போட்டு நன்றாக ஓடியது. அதுதான் பிரச்சினை.

அந்தச் சமயத்தில்தான் மதகடிப்பட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். வினோதினி. அவளுடைய அப்பா அங்கே உரக்கடை வைத்திருந்தார். தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நாயித்துக்கெழமையில இன்னா பண்ணுவீங்க?"

"போட்டு ஓட்டுவேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "மொதல்ல அவங்க வந்து வூட்ட பாக்கட்டும், அப்புறம் ஆடு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவது பெரிய பரீட்சை. அதில் ஒரு கண்டிப்பான முறை உண்டு. காபி, தண்ணீர் குடிக்கலாம். சோறு மட்டும் தின்னக்கூடாது. சாப்பிட்டுவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்காத வீட்டில் எவ்வளவு பசித்தாலும் கை நனைக்காமல் எழுந்து போய்விடுவார்கள். மாப்பிள்ளை போட்டு ஓட்டுகிறாராமே, அதையும் பார்க்கலாம் என்று பெண்ணின் அப்பா சொல்லியனுப்பியிருந்தார்.

எனக்கு இருபது நாள் இருந்தது. வியாதிக்காரனுக்கு அது போதும்.

அமெரிக்காவில் மீன்பிடிப் போட்டிக்குப் போகிற போட்டுகளை யூடியூபில் பார்த்தேன். தண்ணீரில் போகிறதா மேலே பறக்கிறதா என்று தெரியாத வேகம். ஜாக் பிளேட் என்று ஒன்றை மாட்டியிருந்தார்கள். போட்டின் பின்பலகைக்கும் மோட்டாருக்கும் நடுவில் வைக்கும் ஒரு இரும்புச் சட்டம், அவ்வளவுதான். அதை வைத்து மோட்டாரைக் கொஞ்சம் உயர்த்தினால் தண்ணீரின் இழுவை குறைந்து வேகம் கூடும். தெரிந்த பட்டறையில் நானே நின்று, கனமான பிளேட்டை வெட்டி ஒன்று செய்துகொண்டேன். கறுப்பு பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமமும் வைத்தேன்.

நானும் ஏழுமலையும் சோதனை ஓட்டம் போனோம். இரண்டு பேரும் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நாலு விரல் உயரம் ஏற்றியதில் போட்டு நிஜமாகவே பிய்த்துக்கொண்டு போனது. ஏழுமலைக்கு மட்டும் திருப்தியில்லை.

"மோட்டாரு பக்கவாட்டுல தண்ணி பீச்சுது பாரு, அது ஒண்ணுக்குப் போற மாதிரி. கீழ தண்ணிய உறிஞ்சி, சூட்ட ஆத்திகினு, அப்படி வெளிய விடும். அது நின்னா மோட்டார நிறுத்திடு. மேல மேல ஏத்தினா அது எங்க தண்ணி குடிக்கும்?"

"நீ சும்மா இருடா, நான் மெக்கானிக்கல்" என்றேன். (இந்த வாக்கியத்தை வாழ்க்கையில் எத்தனை முறை சொன்னேனோ, அத்தனை முறையும் அடிபட்டிருக்கிறேன்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஐந்து பேராக வந்தார்கள். இரண்டு பேர் வீட்டில் அப்பாவோடு கரும்பு விலை பேச உட்கார்ந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா, அவருடைய அக்கா, பெண்ணின் தாய்மாமன் மூன்று பேரும் கழிக்கு வந்தார்கள். அந்த அக்காதான் சாஸ்திர சம்பிரதாய இலாகா. எங்கள் வீட்டில் காபியைக்கூட அரை டம்ளர்தான் குடித்தார். காலையிலிருந்து பதற்றத்தில் நான் எதுவும் சாப்பிடவில்லை என்று அம்மா ஒரு பெரிய டப்பாவில் புளிசாதத்தை அடைத்து போட்டில் வைத்துவிட்டாள்.

ஏழுமலை வரவில்லை. "உன் பிளேட்ட நம்பி நான் ஏற மாட்டேம்பா" என்று கரையிலேயே சொல்லிவிட்டு வலை பார்க்கப் போய்விட்டான். அவன் போனதும் மோட்டாரை இன்னும் இரண்டு விரல் ஏற்றினேன். பாரம் குறையட்டும் என்று துடுப்புகளையும் கரையில் எடுத்துப் போட்டேன்.

பெரியவர்களைப் பின்னால் பெட்ரோல் நாற்றத்தில் உட்கார வைப்பதா? மூன்று பேரையும் மரியாதையாக முன்பலகையில் உட்கார வைத்தேன். அங்கேதான் குடி முழுகியது. மூன்று பேரும் நல்ல கனம். மூக்கு தாழ்ந்தது, வால் தூக்கியது, அதிலே மோட்டார் ஏற்கெனவே ஆறு விரல் மேலே. சோதனை ஓட்டத்தில் நாங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தோம் என்பது மெக்கானிக்கலுக்குத் தோன்றவில்லை.

முதல் ஐந்து நிமிடம் எப்படியோ போனது. பிறகு மோட்டார் கத்தியது, போட்டு நகரவில்லை. தண்ணீருக்கு மேலே வந்துவிட்ட அதன் விசிறி காற்றைக் கடைந்துகொண்டிருந்தது. நான் இன்னும் முறுக்கினேன். தண்ணீர் பீச்சுகிறதா என்று திரும்பிப் பார்த்திருக்கலாம். நான் வருங்கால மாமனாரின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். புகை வந்தது. அப்புறம் மோட்டார் ஒரு செருமல் செருமிவிட்டு நின்றது. காற்று எங்களை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய் ஒரு சேற்றுத் திட்டில் உட்கார வைத்தது.

ஏழுமலைக்கு போன் போட்டேன்.

"தண்ணி வத்துற நேரம்பா. அங்க எந்த போட்டும் வராது. கீழ எறங்கிடாதீங்க, இடுப்பு வரிக்கும் சேறு இழுக்கும். தண்ணி ஏறணும், நாலு மணி ஆவும்."

அப்போது மணி பதினொன்றரை. நான் இதைச் சொன்னதும் தாய்மாமன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். அக்கா என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்து, "சகுனம் பாத்துகினுதான வந்தோம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. வினோதினி கைவிட்டுப் போய்விட்டாள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

ஒன்றரை மணி இருக்கும். பெண்ணின் அப்பா, "லேசா கிர்ருனு வருதுக்கா" என்றார். அவருக்கு சுகர். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். நான் டப்பாவைத் திறந்து நீட்டினேன். புளிசாத வாசனை போட்டு முழுக்கப் பரவியது.

"வேணாம் தம்பி, மூடு" என்றார் அக்கா. "சாப்ட்டா சம்மதம்னு ஆயிடும்."

சரியாக அந்த நேரத்தில் பெண்ணின் அப்பாவுடைய போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். வினோதினி.

"அப்பா, எங்கப்பா இருக்க? சாப்ட்டியா?"

"சேத்துல இருக்கேம்மா. மோட்டாரு நின்னு போச்சி. சாப்பிடல."

"அங்க இன்னா இருக்குது?"

"தம்பி புளிசோறு வெச்சிகினு நிக்கிறாரு. அத்த வேணாங்குது."

அக்கா போனைப் பிடுங்கினார். "தின்னா சம்மதம்னு ஆயிடும்டி. இந்தப் புள்ள போட்டு ஓட்ற லட்சணத்த நீ வந்து பாக்கணும்."

 ஸ்பீக்கரில் நிதானமாக அவள் குரல் வந்தது.

"ஆவட்டும் அத்த. சாப்பிடச் சொல்லு."

மாமனார் டப்பாவை வாங்கிக்கொண்டார். தாய்மாமன் துண்டை எடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடைசியில் அக்காவும் ஒரு கை. எனக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த வேர்க்கடலை கிடைத்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை.

நாலே காலுக்கு ஏழுமலை வேறொரு போட்டில் வந்து எங்களைக் கட்டி இழுத்துப் போனான். ஜாக் பிளேட் இப்போது மாட்டுக் கொட்டகைக் கதவுக்கு முட்டாக இருக்கிறது. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. சண்டை வரும்போதெல்லாம் வினோதினி, "எங்கப்பாவுக்கு சுகரு. அதான் உன்னக் கட்டிகினேன்" என்பாள். நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

போன தீபாவளிக்கு மதகடிப்பட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அன்னிக்கி உங்களப் பட்டினி போட்டுட்டேன் மாமா" என்று பேச்சோடு சொன்னேன்.

"பட்டினியா? சட்டப் பையில ரெண்டு பாக்கெட் பிஸ்கட் இருந்திச்சே மாப்ள. காத்தால வினோதினிதான் மறக்காம வெச்சி அனுப்புனா. புளிசோறு வாசன முன்னாடி எவன் பிஸ்கட்ட தின்னுவான்?"

நான் இலையிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன். அவள் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "நமுத்துப் போயிருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்குக் கல்யாணப் பேச்சு வந்தாலும், பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருக்கிறதா என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. "இன்னாடி, பிஸ்கட்டு நமுத்துப் போச்சா?" என்றுதான் வினோதினியின் அத்தை கேட்கிறார்.