இன்டர்நெட்டில் ஏறிய 'மோட்டார் வைத்தியம்'

ஆவாரம்பாளையம்,
கோவை.
14.3.1999

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை சபரீஷ் அவர்களுக்கு மாமா தம்பிதுரை எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை மாசாணியம்மாளும் சுகம். பின்பக்க ஷெட்டில் இருக்கிற ஐந்து எச்.பி. மோட்டாரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் மகள் மோகனப்பிரியாவின் சுகத்துக்கும் பதில் போடவும். மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்வது முறையல்ல என்பதால், இந்தக் கடிதத்தில் எங்கேயாவது கோபம் தென்பட்டால் அது பேனாவின் கோபம் என்று எடுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். முப்பத்தொரு வருஷம் பம்புசெட் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் கட்டிய அனுபவத்தையெல்லாம் திரட்டி 'மோட்டார் வைத்தியம்' என்று நான் புத்தகம் எழுதியதும், காந்திபுரத்தில் கம்ப்யூட்டரில் டைப் செய்து ஆயிரம் பிரதி அச்சடித்ததும் உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்து அந்தக் கடைக்காரர் கொடுத்த பிளாப்பியை, நம் வீட்டில் எறும்பு ஜாஸ்தி என்பதால், உங்களிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். நீங்கள் இருப்பதிலேயே பத்திரமான இடம் என்று அதை இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கிறீர்கள். நகையைப் பத்திரப்படுத்தச் சொன்னால் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய்த் தொங்கவிட்ட மாதிரி அல்லவா இருக்கிறது? நான் பீரோவைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், போன செவ்வாய்க்கிழமை கருமத்தம்பட்டிப் பக்கமிருந்து ஐயாசாமி என்ற விவசாயி வந்தார், கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, உள்ளே என் புத்தகம் முழுசும் தாள் தாளாக. மகள் ஏதோ பிரவுசிங் சென்டரில் எடுத்துக் கொடுத்ததாம், ஊரில் பதினாறு பேர் அதை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார்களாம், இதை எனக்கு ஒரு நல்ல சேதி மாதிரி சொல்கிறார். இங்கே கட்டிலுக்கு அடியில் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது பிரதி கிடக்கிறது, விற்றது பதினொன்று, அதிலும் நாலு பேர் சொந்தக்காரர்கள், கூட்டிப் பெருக்க முடியவில்லை என்று உங்கள் அத்தை தினமும் ஒரு பாட்டம் பாடுகிறாள். அந்த வயிற்றெரிச்சலில் நான் நிற்க, அவர் முதல் தாளை நீட்டி, "ஏனுங்க, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார். அவ்வளவு மரியாதையாகக் கேட்டால் என்னத்தைச் செய்வது? போட்டேன். திருட்டுப் பிரதிக்குக் கையெழுத்தும் போட்டு, காப்பியும் கொடுத்து அனுப்பிய எழுத்தாளன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

கிளம்பும்போது அவர் தயங்கித் தயங்கி எண்பத்தேழாம் பக்கத்தை எடுத்தார். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று ஒயரையும் வரிசையாக இடம் மாற்று என்று அதில் இருக்கிறதாம். "செஞ்சு பாத்துப்போட்டனுங்க. பழையபடி தலைகீழாத்தானுங்க சுத்துது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு ஒயரை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்பது முதல் நாள் வேலைக்கு வந்தவனுக்கும் தெரியும். பார்த்தீர்களா மாப்பிள்ளை, உங்கள் இன்டர்நெட்டின் லட்சணத்தை? பெங்களூரில் ஏறி எங்கெங்கோ சுற்றிக் கருமத்தம்பட்டியில் இறங்குவதற்குள் என்னுடைய இரண்டு மூன்றாகிவிட்டது. கம்ப்யூட்டர் வழியாகப் போனது கெட்டுத்தான் போகும், அச்சில் வந்ததுதான் அசல் என்று அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். அப்படிங்களா என்று கும்பிட்டுவிட்டுப் போனார். புத்தகம் வாங்கவில்லை.

அச்சு என்றால் சும்மா இல்லை. ஏறியது ஏறியதுதான், எந்தக் கொம்பனாலும் அதில் ஒரு புள்ளியை மாற்ற முடியாது. ஏழு தடவை நானே உட்கார்ந்து புரூப் பார்த்தேன். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் என் புத்தகத்தை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி, பழையபடி பிளாப்பிக்குள் போட்டு, மூடி இருந்தால் மூடி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவைக்கவும். ஒரு பக்கத்தைக்கூட அங்கே விட்டுவிட வேண்டாம்.

சம்பந்தி வீட்டாரை நாங்கள் விசாரித்ததாகச் சொல்லவும். கோனியம்மன் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள்.

இப்படிக்கு,
மாமா தம்பிதுரை

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது உங்கள் அத்தை, "நம்ம புஸ்தகத்துல என்னன்னு போட்டிருக்குதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள். ஆதாரத்துக்கு ஒரு பிரதியையும் சேர்த்தே அனுப்பிவிடலாம் என்று கட்டிலடியிலிருந்து உருவினேன். மூன்று ஒயர் என்றுதான் இருக்கிறது. வேறு பண்டலிலிருந்து இன்னொன்றை உருவினேன், அதிலும் மூன்று. நாற்பது பிரதி பார்த்த பிறகு நிறுத்திவிட்டு, என் கையால் எழுதிய நோட்டை எடுத்தேன். அதிலும் மூன்று. வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. ஆகையால் இறக்க வேண்டாம். அந்த மூன்றை இரண்டாக்க உங்கள் இன்டர்நெட்டில் வழி இருந்தால் இன்றைக்கே ஆக்கி, முதல் பக்கத்தில் 'திருத்திய இரண்டாம் பதிப்பு' என்று பெரிதாகப் போடவும். நாளைக் காலையில் பஸ் ஏறி ஐயாசாமி தோட்டத்துக்குப் போய் ஒயரை நானே மாற்றிக் கொடுத்துவிட்டு, விற்ற பதினொன்றையும் திரும்ப வாங்கி வரப்போகிறேன். முதல் பதிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது, ஒரு பிரதிகூட வெளியே போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.