அரையிழையும் என் சைக்கிள் ஃபோர்க்கும்

ஆரணியில் அரையிழை அண்ணன் வாயால் "நல்லா கீது" என்று கேட்டவர் ஒருவரும் கிடையாது. கேட்டேன் என்று யாராவது சொன்னால் அவர் புளுகுகிறார்.

பவர்லூம் ரிப்பேர் பார்க்கிறவர். பட்டு இழையைத் தவிர வேறு அளவு அவருக்குத் தெரியாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "சாம்பார்ல உப்பு அரை இழை கம்மி" என்பார். மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து, "மூக்கு அரை இழை சாஞ்சிக்கினு கீது" என்பார், அதுவும் பெண்ணைப் பெற்றவர் பக்கத்தில் நிற்கும்போதே. அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் தெருவில் யாரும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இந்த மகானுபாவரிடம்தான் என் சைக்கிளை ஒப்படைத்தேன். புத்தி கெட்டுப்போனால் வேறென்ன செய்வது.

பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்ததும் என் சம்சாரம் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். பதிலுக்கு வாங்கியது, முன்னால் ஷாக் வைத்த மலை சைக்கிள். ஆரணியில் ஏது மலை என்று கேட்காதீர்கள், எங்கள் ரோடு உங்களுக்குத் தெரியாது. இரண்டே வருஷத்தில், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்குள் குழாய் ஆடாமல் இருக்கப் போட்ட புஷ் வளையம் தேய்ந்துவிட்டது. பிரேக் பிடித்தால் லொடக். பள்ளத்தில் இறங்கினால் லொடலொட.

"முன்னாடி ஆடுற வண்டில போயி இன்னொருக்கா கைய உடைச்சிக்கினு வராதீங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாவலன்னா காயலான்கடைக்குத்தான் போடுவேன்" என்றாள். சும்மா சொல்கிற ஆள் இல்லை. என் டேப் ரெக்கார்டர் போன வழி அதுதான்.

வெள்ளிக்கிழமை அரையிழை வீட்டுக்கே வந்தார். முன்சக்கரத்தைக் கழட்டி, ஃபோர்க்கை உருவி, அடி போல்ட்டைத் தளர்த்தி அதன் கீழ்க்குழாயை இழுத்ததும், கறுத்த எண்ணெய் எங்கள் இட்லி மாவுப் பாத்திரத்தில் ஒழுகியது. நான் ஆன்லைனில் வரவழைத்திருந்த புது புஷ்ஷை விரலால் ஒருதரம் தடவி, ஜன்னல் மேல் வைத்துவிட்டார்.

"இன்னாண்ணா?"

"அரை இழை கேப்பு உடும்."

தறிக்குப் போடும் நைலானில் அவரே கடைந்த புஷ்ஷை, மேலே பிவிசி பைப்பை வைத்துத் தட்டி இறக்கிப் பூட்டினார். சத்தம் அடியோடு நின்றது. கூடவே ஷாக்கும் நின்றது. என் எடை முழுவதையும் போட்டு அமுக்கினேன். ஹேண்டில்பார் அசையவில்லை.

"அமுங்கவே மாட்டேங்குதுண்ணா."

"தறி அமுங்குதா? ஆடுனாத்தான்யா பேஜாரு."

"இது தறி இல்லண்ணா, சைக்கிளு."

"எனக்கே சொல்லிக் குடுக்கறியா நீ?"

எழுந்து போய்விட்டார். காப்பி வேறு அரை இழை ஆறிப்போச்சாம்.

சனிக்கிழமை மார்க்கெட் வரை போய்வந்தேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் நேராக மணிக்கட்டில் ஏறியது. வீங்கின கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் எந்தப் பெண்டாட்டிதான் கண்டுபிடிக்க மாட்டாள்? ஞாயிறு காலை காயலான்கடைக்காரர் தராசோடு வாசலில் நின்றார். அரையிழையை மனசுக்குள் எத்தனை திட்டியும் ஆறவில்லை.

அப்போது அவரே வந்தார். ஊர்க் கோணலையெல்லாம் கண்டுபிடிக்கிற மனிதர், சட்டையில் ஒரு பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். கையில் உப்புத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நேத்து மார்க்கெட்டாண்ட பாத்தேன்மா. வண்டி குதிக்குது, கை தாங்கல" என்று என் சம்சாரத்திடம் சொன்னார். "அவரு மேல தப்பில்ல. நான்தான் அரை இழை டைட்டா போட்டுட்டேன்."

அரையிழை தன் தப்பை ஒத்துக்கொள்வதைக் கேட்க எதிர்வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது. என் சம்சாரம் உள்ளே போய்ப் பழைய பேப்பர் கட்டை எடுத்துவந்து போட்டு, காயலான்கடைக்காரரை அனுப்பிவைத்தாள். அப்புறம் அந்த இட்லி மாவுப் பாத்திரத்தை அவளே கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

மறுபடி கழட்டினார். தேய்த்தார், தடவினார், தேய்த்தார். பூட்டினதும் அமுக்கினேன். சத்தமே இல்லாமல் இறங்கி ஏறியது.

"எப்டிண்ணா கீது?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"பெல்லு கோணலா கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது வந்தவாசியில் மகள் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை சைக்கிளிலேயே போய்ப் பார்க்கிறேன். திரும்பும்போது வண்டியை பஸ் மேல் ஏற்றிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன் பெல் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தி, கொஞ்சம் கோணலாக்கி வைப்பேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் அந்த மனுசன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசு வராது.