ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லாத கம்ப்யூட்டர்

ஊழியர் நலனை முன்னிட்டு, அவரவர் சொந்த லேப்டாப்பிலேயே அலுவலக வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலிடம் பெருந்தன்மையோடு அனுமதி வழங்கியது. இடமாற்ற விண்ணப்பமும் அலுவலக மென்பொருள் வழியாகத்தான் போகவேண்டும். என் மனைவிக்கு வேறு ஊரில் வேலை. நான்கு வருடமாக நான் தனியாகச் சமைத்து, தனியாகவே குறைசொல்லிச் சாப்பிடுகிறேன். விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். மென்பொருளோ பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். என் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம்.

வழி இரண்டு. விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே லேப்டாப்பில் தனித்தனியாகப் போட்டு, வேண்டியபோது வேண்டியதில் திறப்பது டூயல் பூட். ஓடுகிற லினக்ஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் பாவனை செய்வது விர்ச்சுவல் மெஷின். ஏதாவதொன்றைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எழுத்துமூலம் அனுமதி கேட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

கண்காணிப்பாளர் டூயல் பூட்டை ஆழ்ந்து பரிசீலித்தார். ஒன்று வேலை செய்யும்போது மற்றது சும்மா இருக்குமாமே, அதற்கு லீவு கொடுத்தது யார் என்று கேட்டு நிராகரித்தார். விர்ச்சுவலைப் பரீட்சார்த்தமாக அனுமதித்தார். உடனே தணிக்கைக்காரர், புதுக் கம்ப்யூட்டரைக் கணக்கில் சேர்க்க எண் போட்ட ஸ்டிக்கரோடு வந்துவிட்டார்.

"எங்க அந்த இன்னொரு கம்ப்யூட்டர்?"

"உள்ள இருக்கு சார். நிஜமா இல்ல, இருக்கிற மாதிரி."

"இல்லாததுல எப்படி ஒட்டறது?"

வெகுநேரம் யோசித்து, திரையின் நட்டநடுவில் ஒட்டினார். பாதி விண்ணப்பம் அதற்கடியில் போய்விட்டது. குத்துமதிப்பாகத் தட்டி, வெள்ளிக்கிழமை மாலை ஒருவழியாக அனுப்பினேன்.

திங்களன்றே ஆணை வந்தது. 'விர்ச்சுவல் முறையின் வெற்றியைக் கருத்திற்கொண்டு, மனுதாரர் அதே முறையில் மனைவியின் ஊருக்கு மாற்றப்படுகிறார். அன்னாரது உடல் தற்போதைய இருக்கையிலேயே தொடரும்.'

பிரிவுபசார விழா நடத்தினார்கள். என் சேவையைப் புகழ்ந்து பேசி, பேனா பரிசளித்து, கைகுலுக்கி, திரும்ப என் நாற்காலியிலேயே உட்காரவைத்தார்கள். நிஜமாக அழுதது நான் ஒருவன்தான்.

மனைவிக்குப் போன் செய்தேன்.

"தெரியும். காலைல ஒருத்தர் வந்து சோபாவுல ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போனார். நீங்க இங்க குடிவந்தாச்சுன்னு கையெழுத்தும் வாங்கிட்டார்."

"நீ ஏன் போட்டே?"

"போடலைன்னா, நீங்க நேர்ல வந்து 'நான் இங்க இல்ல'ன்னு எழுதிக் கொடுக்கணுமாம். உங்களுக்குத்தான் லீவே கிடையாதே."