போனஸ் போய்விடுமென்று போகாத பரிசோதனை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவும் நானும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இப்படி எழுதும்போதே உன் அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அப்படியே எழுதுங்க, இல்லாட்டி அவன் பயந்துடப் போறான்" என்கிறாள். ஆகவே பயப்படாதே. அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். சின்னக் கட்டிதான், ஆரம்பக் கட்டம், எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று டாக்டர் சொன்னார். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டியதில்லை.

ஐந்து வருஷம் முன்பு நீ எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடுதான் இப்போது கை கொடுக்கிறது. ஆனால் அந்தப் பாலிசிப் புத்தகத்தை எழுதியவன் மட்டும் என் கையில் கிடைக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் சோப்புத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். சரக்கு அனுப்புகிறவன் வில்லங்கத்தையெல்லாம் கடைசிப் பக்கத்தில்தான் ஒளித்து வைப்பான் என்பதால், எந்தக் காகிதத்தையும் பின்னாலிருந்து படித்தே பழகிவிட்டேன். இதையும் அப்படித்தான் படித்தேன். விலக்குகள் என்றால் எதற்கெல்லாம் தர மாட்டார்கள் என்கிற பட்டியல். அது பல்லில் தொடங்கி மூக்குக் கண்ணாடி வரை போனது. காத்திருப்புக் காலம் என்றால் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருஷம் கழித்துத்தான் கேட்கலாம். அதுவரை அடக்கமாக இருக்கும்படி என் சர்க்கரையிடம் சொல்லி வைத்தேன். இணைக் கட்டணம் என்றால் பில்லில் ஒரு பங்கு நம் தலையில். அப்புறம் வந்தது போனஸ்: கிளைம் எதுவும் செய்யாத ஒவ்வொரு வருஷத்துக்கும் காப்பீட்டுத் தொகை தானாகக் கூடுமாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முன்பக்கங்கள் ஆறு பாக்கி இருந்தன. கண் சொக்கியதால் மூடி வைத்துவிட்டேன்.

வருஷா வருஷம் இலவச முழு உடல் பரிசோதனைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வரும். போனால் அதுவும் ஒரு கிளைம், போனஸ் போய்விடும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். உன் அக்கா ஒருமுறை, "போய்த்தான் பாத்துட்டு வருவோமே, சும்மாதானே கூப்பிடுறாங்க" என்றாள். "சும்மா கூப்பிடுறவன் எதுக்குக் கூப்பிடுறான்னு யோசிச்சியா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். இப்படியே நான்கு கடிதங்கள் அலமாரிக்குள் போயின. போன மாதம் கட்டி அவள் கைக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் காப்பீட்டு அலுவலகத்துக்கு போன் செய்தேன். ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்: "பரிசோதனை கிளைம்ல சேராது சார். நோய் முத்துறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கத்தான் அது. பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் சேத்துதான். உங்க போனஸுக்கு ஒண்ணும் ஆகாது."

"இதை எங்கம்மா போட்டிருக்கீங்க?"

"முதல் பக்கத்துலயே இருக்கு சார்."

போனை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தேன், அங்கேதான் இருந்தது. உன் அக்கா, "விடுங்க, அந்த போனஸ் இப்ப எனக்குத்தானே உதவப் போகுது" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். நாற்பது வருஷமாக அவள் செய்யும் கேலிக்கெல்லாம் சிரித்திருக்கிறேன். இதற்கு மட்டும் முடியவில்லை.

நீயும் உன் மனைவியும் முதல் வேலையாக அந்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிறாயா என்று கேட்கச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் எல்லாருக்கும் நல்லதையே நினைக்கும்
அத்தான்

பி.கு.: இதுவரை உன் அக்கா பக்கத்தில் இருந்தாள். இப்போது குளிக்கப் போயிருக்கிறாள். கட்டி சின்னதில்லை. ஆரம்பக் கட்டமும் இல்லை. நுரையீரல் வரை போய்விட்டது. வியாழக்கிழமை ஆபரேஷனும் கிடையாது, மருந்து ஏற்றுவது மட்டும்தான். "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவளுக்கு எல்லாம் தெரியும். உனக்குத் தெரியக் கூடாது என்பது அவள் கட்டளை. உன் மகளின் பரீட்சை முடிந்து அடுத்த வருஷம் நீ சாவகாசமாக வரலாமாம். அவ்வளவு நாள் இல்லை, மாப்பிள்ளை. உடனே கிளம்பி வா. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாள். நீயாவது வந்து திட்டு.