ஐந்து கட்டை இரைச்சல்

“இது யாரோட இரைச்சல்?” என்று சபா செயலாளர் கல்யாணராமன் கேட்டபோது மேடையில் நான்கு பேர் இருந்தோம். மூன்று பேர் என்னைக் காட்டினார்கள். நானும் என்னைத்தான் காட்டினேன். பொய் சொல்ல நேரமில்லை; ஞாயிற்றுக்கிழமை கச்சேரி.

மயிலாப்பூர் சபாக்களில் இப்போது ‘இளைஞர் மேடை’தான் மோகம். வாசலில் மாக்கோலம், உள்ளே எலெக்ட்ரிக் கிட்டார். நான் அறிவு, கிட்டார். பிளஸ் டூவோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். அப்பா பஸ் டிரைவர், வடபழனி டிப்போ. கிட்டாருக்காக அவரிடம் ஒரு வருஷம் கேட்டேன். ஒரு கச்சேரி கொடுத்தார்.

“நல்லா வாசிச்சா வாசி நைனா. இல்லாங்காட்டி திங்கக்கெழம டிரைவிங் ஸ்கூல்.”

என்னிடம் ஐந்து பெடல்கள். கிட்டார் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டிகள். காலால் மிதிக்க வேண்டும். ஐந்துக்கும் கரண்ட் ஒரே அடாப்டரிலிருந்து. ஒரே குழாயில் ஐந்து குடித்தனம் தண்ணி பிடிப்பது மாதிரி. சண்டை வராமல் என்ன செய்யும்? ‘உய்ங்’ என்று வந்தது.

“தனித்தனியா கரண்ட் குடுக்கிற பவர் சப்ளை ஒண்ணு இருக்கு சார். அத வாங்கினா சரியாயிடும்.”

“எது வாங்கறதுன்னாலும் முறைன்னு ஒண்ணு இருக்கோன்னோ?” என்றார் கல்யாணராமன்.

முறைப்படி ‘ஓசை ஆய்வுத் துணைக்குழு’ அமைக்கப்பட்டது. தலைவர் ராமானுஜம். சுருதி விஷயத்தில் அவர் சொன்னால் சபாவில் மறுபேச்சு கிடையாது. நாற்காலி போட்டு அடாப்டருக்கு எதிரே உட்கார்ந்தார். கண்ணை மூடினார். பத்து நிமிஷம். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

“அஞ்சு கட்டை,” என்றார். “அப்பழுக்கு இல்லே.”

மறுநாள் அறிவிப்புப் பலகையில் தீர்மானம் வந்துவிட்டது. மேற்படி இரைச்சல் இரைச்சல் அல்ல, சுருதி. ஆகவே புதிய பவர் சப்ளைக்குத் தேவை எழவில்லை. இக்குழுவில் ஆறு கட்டையில் பாடும் செல்வி ஷ்ரேயா ஐந்து கட்டைக்கு இறங்கிவர அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

ஷ்ரேயா நேரே கல்யாணராமனிடம் போனாள். “நான் ஏன் மாமா இறங்கணும்? அடாப்டரை ஏறச் சொல்லுங்கோ.”

“அது கவர்மெண்ட் கரண்ட்மா. யாருக்காகவும் ஏறாது.”

அவள் ஐந்து கட்டைக்கு இறங்கிப் பார்க்கப் போனாள்.

வெள்ளிக்கிழமைக்குள் இரைச்சலுக்கு மவுசு கூடிவிட்டது. வீணைக் குழு ஒன்று, தங்களுக்கும் இரைச்சல் வேண்டும் என்று மனு கொடுத்தது. நாட்டிய வகுப்பு இரண்டு மணி நேர வாடகைக்குக் கேட்டது. என் அடாப்டர் மேல் ‘சபா சுருதி. அணைக்காதீர்’ என்று சீட்டு ஒட்டி, சந்தனப் பொட்டும் வைத்தார்கள்.

நான் கிட்டார் நண்பன் அடையாறு பிரணவிடம் ஓடினேன். அவனிடம் எட்டு வழி பவர் சப்ளை இருக்கிறது. அதற்கு வெல்வெட் உறைகூடத் தைத்திருக்கிறான். போன் முழுக்க அதன் போட்டோதான். அவன் வாசித்து யாரும் கேட்டதில்லை. “டோன் இன்னும் செட் ஆகல மச்சி,” என்கிறான், மூன்று வருஷமாக.

“ஒரு நாளைக்குத் தாடா.”

“தரேன். ஆனா கீறல் விழலன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.”

ஞாயிறு சாயங்காலம். திரை விலகுவதற்கு முன் கல்யாணராமன் காதருகே வந்தார். “சுருதி நிக்கப்படாது, புரியறதா?” தலையாட்டினேன். அவர் போனதும் பழைய அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் பிரணவின் பெட்டியில் ஐந்து ஒயரையும் மாட்டினேன்.

திரை விலகியது. நிசப்தம். ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்புறம் வாசித்தோம்.

ஷ்ரேயா ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில் எங்கேயோ நின்றாள். டிரம்ஸ், கடைசி பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடியது. பேஸ் கிட்டார் வாசிப்பவன் வேறு பாட்டில் இருந்தான். நான் எண்ணிப் பார்த்தேன்: முதல் நாலு வரியில் ஏழு தப்பு, அதில் ஐந்து என்னுடையது. இரண்டு மாதம் ஒத்திகை பார்த்திருக்கிறோம். இரைச்சல் மறைக்காமல் நாங்கள் வாசிப்பதை நாங்களே அன்றைக்குத்தான் கேட்டோம். துணைக்குழுவும் அன்றைக்குத்தான் கேட்டது.

மைக்கைப் பொத்திக்கொண்டு ஷ்ரேயா பல்லைக் கடித்தாள். “டேய், பழசை மாட்டுடா!”

“சபா சுருதி எங்கேடா?” திரை ஓரத்திலிருந்து கல்யாணராமன். “மாட்டுடா அதை!”

முதல் வரிசையில் ராமானுஜம் காதைப் பொத்திக்கொண்டு, கை காலியில்லாததால், தாடையால் அடாப்டரைக் காட்டினார்.

மூன்றாவது வரிசையில் காக்கிச் சட்டையோடு அப்பா எழுந்தே விட்டார். “இன்னாடா பாத்துக்கினு கீற? வூட்ல டெய்லி கேக்குமே ஒரு உய்ங்கு, அத்தப் போடுடா! அதாச்சும் கேக்கறாப்புல இருந்துச்சு!”

அரங்கமே கை தட்டியது. சபாவின் சரித்திரத்தில் உண்மையிலேயே ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அதுதான்.

அடாப்டர் காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது, பொட்டோடு. குனிந்தால் எட்டும்.

நான் மாட்டவில்லை. என் ஐந்து தப்பும் கேட்கிற மாதிரியே, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.