நாற்காலிக்கு அடியில் ஒரு கட்டி

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று மனைவியிடம் தலையிலடித்துச் சத்தியம் செய்த மறுநாளே, அதை விடுவதில்லை என்று துளையார் உறுதி பூண்டார்.

நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர் நீளமாகத்தான் பேசினார். மனைவி சுருக்கமாகப் பேசினாள்.

“இன்னொரு தடவை இந்த வீட்டுல அந்த நாத்தம் அடிச்சா, எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன். நீங்க இருமி இருமிச் சாகறதை உக்காந்து வேடிக்கை பாக்க என்னால முடியாது.”

அவள் சொன்னால் சொன்னதுதான்.

துளையார் என்பது ஆலையில் வைத்த பெயர். காற்று வடிகட்டி செய்கிற ஆலை. மண்ணும் கரியும் குழைத்துச் சுட்ட கறுப்புக் கட்டிகளில் துளை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரே கட்டிக்குள் மூன்று அளவுத் துளைகள். பெருந்துளை தெரு, நடுத்துளை சந்து, கண்ணுக்கே தெரியாத குறுந்துளைதான் வீடு. நாற்றம் தெருவில் வந்து, சந்தில் திரும்பி, வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. சாயப்பட்டறை, ஆஸ்பத்திரி, பழக்கிடங்கு என்று எங்கெங்கோ போகும் சரக்கு. சாப்பிட உட்கார்ந்தால் மனைவியிடம் இதைத்தான் அளப்பார்.

“நிறைஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

“சூடு காட்டினா போதும்மா. குடிச்சது அத்தனையும் கக்கிடும். கடைசியா குடிச்சது முதல்ல வரும், முதல்ல குடிச்சது கடைசியா வரும். அப்புறம் புதுசு மாதிரி!”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவருக்கு இரண்டு மணிக்கு வேலை முடியும். தையல்கடையில் வேலை பார்க்கும் மனைவி வர ஆறு ஆகும். நடுவில் நாலு மணி நேரம். கூடத்து நாற்காலிக்கு அடியில் ஒரு கட்டியை ஒளித்துவைத்து, மேலே சாய்ந்து உட்கார்ந்து ஆனந்தமாக ஊதினார். ஆறு மணிக்கு அவள் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவாள். ஒன்றும் இருக்காது.

“நல்ல பிள்ளையா ஆயிட்டீங்களே!” என்பாள். துளையாருக்குத் தலைகால் புரியாது.

ஆனால் கட்டிக்கு நல்லது கெட்டது தெரியாதே! முதலில் டீயின் மணம் போயிற்று. பிறகு வெங்காயம் வதங்கும் சத்தம் மட்டும் வந்தது. முன்பெல்லாம் மனைவி வருவதற்கு இரண்டு அடி முன்னால் அவள் தலையெண்ணெய் வரும். இப்போது திடீரென்று பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது. துள்ளி எழுந்தார். தலையணையை முகர்ந்தால் அதில் யாருமே படுத்ததில்லை போலிருந்தது. ஆள் இல்லாத வீட்டில் இரண்டு பேர் நடமாடுகிற மாதிரி ஒரு திகில் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் கட்டியை எடுக்க மனம் வரவில்லை.

“ஏங்க, உங்களுக்கு ஏதாவது வாசனை தெரியுதா?”

“எ... எல்லாம் தெரியுதே!”

“எனக்கு ஒண்ணுமே தெரியல. இந்தப் பால் கெட்டுப்போச்சா பாருங்க.”

முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. “நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப குடிங்க.”

குடித்தார். மறுநாள் முழுக்கக் கழிப்பறையே கதி என்று கிடந்தார்.

அடுத்த வாரம் ஒருநாள் இரண்டு மணிக்கு வந்தபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. திறந்தார். சிகரெட் வாடை முகத்தில் அடித்தது.

ஜன்னல் மூடியிருந்தது. நாற்காலி காலி. வாடை அவருடைய சிகரெட்டுடையதுதான். அவர் வருவதற்கு முன்பே அவர் வந்து உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பது போலிருந்தது.

“யாரு?”

பதிலுக்குப் புளித்த பால் வாடை வந்தது. அதன் பின்னால் வதங்கிய வெங்காயம். அப்புறம் தலையெண்ணெய். அவரை உரசிக்கொண்டு யாரோ கடந்து போனாற்போல் வந்தது. திரும்பினார். யாரும் இல்லை.

“இந்தாம்மா!”

அலமாரி திறந்து கிடந்தது. அவளுடைய பயணப் பையைக் காணோம். சொன்னபடி போய்விட்டாள். மிச்சம் இருந்தது அவள் வாசனை மட்டும்தான், அதுவும் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அப்போது கடைசியாக ஒரு வாடை வந்தது. புளிப்பாக, கனமாக. அவருடைய வேர்வைதான். சமையலறையில் மூடி ஒன்று ‘டங்’கென்றது.

அடுப்புக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். இரும்புச் சட்டியில் கட்டி. பக்கத்தில் பை.

“கிளம்பத்தான் பையை எடுத்தேன். போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு தடவை மோந்து பாத்துடலாம்னு உக்காந்தேன்.”

“எப்படிக் கண்டுபிடிச்சே? நாத்தமே வரலையே!”

“அதாங்க! பதினெட்டு வருஷமா நீங்க சட்டையைக் கழட்டினா அடுத்த தெரு வரைக்கும் நாறும். அது எங்க போச்சுன்னு தேட மாட்டேனா? மனுஷ வாடையே இல்லாத வீட்டுல நான் யாரோட குடும்பம் நடத்தறது?”

“போயிடாதே. இனிமே தொடவே மாட்டேன். சத்தியமா...”

“சத்தியம் எனக்கு வேணாம்.”

இடுக்கியால் கட்டியை எடுத்து, ஆறவைத்து, அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள்.

“இது உங்ககூடவே வேலைக்கு வரும், உங்ககூடவே திரும்பி வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டியில வச்சுப் பாப்பேன். அதுல சிகரெட் நாத்தம் வந்தா அக்கா வீடுதான்.”

துளையார் கடைசியாக ஒரு பிடி தேடினார். “ஒருவேளை கட்டியே கோளாறா இருந்து, தப்பா எதையாவது கக்கிடுச்சுன்னா?”

அவள் கட்டியைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பிக் காட்டினாள். அதன் பக்கவாட்டில் ‘சோதித்தேன், குறையில்லை’ என்று பொறித்து, கீழே துளையாரே கையெழுத்துப் போட்டிருந்தார்.