வங்கி கேட்ட வீடு

வங்கியில் இன்னும் ஒரு காகிதம் கேட்கிறார்களாம். டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் தலையைப் பின்னிக்கொண்டே மனைவி சொன்னாள். கட்டப்போகும் வீடு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் என்று கட்டுகிறவர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம்.

"அவ்வளவுதானே, வாங்கிடறேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருஷமாக லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர் என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நிரந்தர ராத்திரி டூட்டி. அவர் காலையில் கடைக்குப் போன பிறகு அவள் வருவாள். அவர் சாயங்காலம் திரும்பியதும் அவள் கிளம்புவாள். நடுவில் இருவருக்கும் சேர்ந்து கிடைப்பது முக்கால் மணி நேரம். அதில் பாதி தலை பின்னுவதிலேயே போய்விடும்.

குடியிருந்தது மூன்றாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே. பகல் பூராவும் கூரை இஸ்திரிப்பெட்டி மாதிரி தலைக்கு மேல் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தூங்கப் படும் பாட்டை அவர் பார்த்திருக்கிறார். தரையில் தண்ணீர் தெளிப்பாள். தலையணையை இடுக்கிக்கொண்டு அறை அறையாகப் போவாள். கடைசியில் குளியலறை வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மட்டும் மூடிக்கொள்வாள். கல்யாணமான பதினொரு வருஷத்தில் அவள் அசந்து தூங்கி அவர் பார்த்ததே இல்லை.

அதற்காகத்தான் இந்த வீடு. ஊருக்கு வெளியே கைக்குட்டை அளவில் ஒரு மனை வாங்கியாயிற்று. அதில் வடக்குப் பக்கம் ஒரு படுக்கையறை. கனத்த சுவர், வெயில் எட்டிப்பார்க்காத ஜன்னல், சூடு இறங்காத கூரை. நடுப்பகலில் அவள் அங்கே போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும். மற்ற அறைகளெல்லாம் அவருக்கு அந்த ஓர் அறைக்குத் துணைதான்.

மின்சாரம் குறைவாகச் செலவாகும் வீடுகளுக்கு வட்டி குறைவு என்று ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த வங்கியில் ஒரு திட்டம் இருந்தது. ஆகவே டூட்டி முடிந்து வரும் வழியில் வங்கியைப் பார்ப்பது அவள் பொறுப்பு, காண்ட்ராக்டரைப் பார்ப்பது இவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள்.

காண்ட்ராக்டர் நல்ல மனிதர். மின்சார மிச்சம் என்றால் எல்.இ.டி. பல்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார், அதுதான் சிக்கல். பல்புகளை இலவசமாகவே தருவதாகச் சொல்லிவிட்டு, வீட்டு முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்து வரைந்திருந்தார்.

"உங்க தொழிலுக்கு ஒரு மரியாதை வேணாமா சார்?"

அப்படிக் கட்டினால் உள்ளே இருக்கிறவர்கள் வெந்துபோவார்கள் என்று அவருக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று. கையெழுத்து வாங்க இன்னொரு வாரம்.

கடிதம் போயிற்று. மறுநாள் சாயங்காலம், அது போதாதாம், வெளிச்சுவர் எத்தனை கனம் என்று கேட்கிறார்கள் என்றாள் மனைவி. சீப்பில் சிக்கிய முடியை வெகு கவனமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

கேட்கிறார்கள் என்றால் இருக்கிற கனம் போதவில்லை என்றுதானே அர்த்தம்? கண்ணாடிக்காரர் இரட்டைச் சுவர் போடச் சொன்னார். மனை வளரவில்லை, சுவர் மட்டும் வளர்ந்தது. வண்டி நிறுத்தும் இடம் காணாமல் போயிற்று.

அப்புறம் கூரையைப் பற்றிக் கேட்டார்களாம். கூரைமேல் சூடு தடுக்கும் பலகையும் அதன்மேல் வெள்ளை ஓடும் வந்தன. பாரம் தாங்கத் தூண்கள் பருத்தன. ஏறிய செலவை இறக்க மாடியை ரத்து செய்தார்கள். அப்புறம் ஜன்னல்கள் எத்தனை என்று கேட்டார்களாம். சமையலறை ஜன்னலை எடுத்தால் புகை எங்கே போகும் என்றார் காண்ட்ராக்டர். சமையலறையே நகர்ந்து மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்தது. இல்லாத மாடிக்குப் படி எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை.

புது வரைபடத்தைக் காண்ட்ராக்டர் வெகுநேரம் பார்த்தார். "இது வீடு இல்ல சார், ஐஸ்பெட்டி. உள்ள மனுஷன் நிக்க இடமில்ல. ஆனா ஐஸ் உருகாது."

வடக்கு அறையை மட்டும் கண்ணாடிக்காரர் யாரையும் தொடவிடவில்லை. சில ஞாயிறுகளில் தனியாகப் பஸ் ஏறி மனைக்குப் போவார். கட்டில் வரவேண்டிய இடத்தில் நான்கு செங்கல்லை வைத்து, தலைமாடு எந்தப் பக்கம் என்று யோசிப்பார். உச்சி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், அவள் தூக்கம் கலைந்துவிடக் கூடாது என்கிற மாதிரி ஓசைப்படாமல் நின்றுவிட்டு வருவார்.

வங்கிக்குத் தானும் ஒரு தடவை வரட்டுமா என்று கேட்டுப்பார்த்தார். "நீங்க எதுக்குங்க லீவு போடணும்? நானே பார்த்துக்கறேன்" என்று அவள் வேகமாகச் சொல்லிவிட்டாள். தன்னை அலையவிடக் கூடாது என்று நினைக்கிறாளே என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை, வாசல் எந்தத் திசை என்று கேட்கிறார்கள் என்றாள்.

காண்ட்ராக்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "பேங்க்ல சொன்னா வீட்டையே திருப்பிடறேன் சார். ஆனா உங்க வடக்கு ரூம் மேற்கு வெயில்ல போய் நிக்கும். நேர்ல போய் ஒரு வார்த்தை பேசுங்களேன்."

கண்ணாடிக்காரர் பிறத்தியாரிடம் குரல் உயர்த்தியவரே அல்ல. கண் தெரியாமல் கதவில் மோதிக்கொள்கிற வாடிக்கையாளரிடம்கூடக் கதவுக்காக மன்னிப்புக் கேட்பவர். அப்படிப்பட்டவர் மறுநாள் காலை அரை நாள் லீவு போட்டார். பஸ்ஸில் போகும்போதே மேனேஜரிடம் பேச வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப்பார்த்தார். கூடம் போகட்டும், மாடி போகட்டும், அந்த அறையை மட்டும் விட்டுவிடுங்கள். கடைசி வரிக்கு மேஜையைத் தட்டலாமா என்றுகூட யோசித்தார்.

வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வங்கிக் கதவைத் தள்ளினார். ஜிலுஜிலுவென்று காற்று முகத்தில் அடித்தது. கவுண்டருக்கு மேலே சிவப்பு எண்கள் மாறிக்கொண்டிருந்தன. நாற்காலிகள் நிறைய ஆட்கள். கடைசி வரிசை மூலையில், சுவரில் தலை சாய்த்து அவர் மனைவி.

மடியில் பை. பையில் அவர் அலைந்து வாங்கித் தந்த உறைகள் அத்தனையும், ஒட்டியது ஒட்டியபடி. தோளில் யாருடையதோ காக்கி ஸ்வெட்டர் போர்த்தியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு நீளமாக, நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பேச வந்ததெல்லாம் மறந்துபோய் அவர் நின்றார். பதினொரு வருஷமாகப் பார்க்க ஏங்கிய முகம். பக்கத்தில் போய் மெல்ல அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

வாசல் காவலாளி ஸ்வெட்டர் இல்லாமல் வெறும் காக்கிச் சட்டையோடு ஓடிவந்து, உதட்டில் விரலை வைத்து அவரைத் தடுத்தார்.

"எழுப்பிடாதீங்க சார். மூணு மாசமா டெய்லி வந்து டோக்கன் எடுக்கறாங்க, ஒரு நாள்கூட நம்பர் கூப்பிடற வரைக்கும் முழிச்சிருந்து கவுண்டர் பக்கம் போனதில்ல."